எது பெரிய பாய்? 8 வயதுப் பிள்ளைக்குப் பரப்பளவை வீட்டில் விளங்கவைப்பது எப்படி?

கல்லடி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு 8 வயது, தரம் 3 படிக்கிறாள். 12ஆம் வாய்பாடு வரை தடக்காமல் சொல்வாள். போன மாதம் டியூசனில் பரப்பளவு என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். மேலே ஒரே ஒரு வரி: நீளத்தை அகலத்தால் பெருக்குக. அதற்குக் கீழே வரிசையாகக் கணக்குகள். ஒன்றைத் தவிர எல்லாம் சரி.

அந்த ஒன்று, ‘ட’ எழுத்தின் வடிவத்தில் தடிப்பாக வரைந்த ஒரு படம். இடது பக்கம் 5 சென்ரிமீற்றர், அடிப்பக்கம் 6, பிறகு 2, 4, 3, 2 என்று ஆறு பக்கத்துக்கும் நீளம் போட்டிருந்தது. மகள் ஆறையும் ஒன்றோடு ஒன்று பெருக்கி 1440 என்று எழுதியிருக்கிறாள். பெருக்கினதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய ஒரு படத்துக்கு 1440 வருமா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் எனக்குக் கவலை.

அன்றிரவு பாய் விரிக்கும்போது கேட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இரண்டு பன்பாய் இருக்கிறது. ஒன்று நீளம், ஆனால் ஒடுங்கினது, ஒரு ஆள் படுக்கலாம். மற்றது கொஞ்சம் கட்டை, நல்ல அகலம், பிள்ளைகள் இரண்டு பேரும் அதில்தான் படுப்பார்கள். எது பெரிய பாய் என்று கேட்டதும் நீளமானதைக் காட்டினாள். “அப்ப பரப்பளவு எதுக்குக் கூட?” என்றால், “நம்பர் சொல்லுங்க அம்மா, பெருக்கிச் சொல்றன்” என்கிறாள்.

கணவர் கட்டாரில். படிப்பிப்பதெல்லாம் நான்தான். நானும் உயர்தரத்தில் கலைப்பிரிவு. பிள்ளை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போவதை நான் விரும்பவில்லை. அவளுக்கு விளங்க வேண்டும். வீட்டில் உள்ள சாமான்களை வைத்து எங்கே தொடங்குவது? 5 வயது மகனும் கூடவே வந்து குந்திக்கொள்வான், அவனையும் சேர்க்கலாமா? புலமைப்பரிசில் பரீட்சைக்குச் சூத்திரம் தெரிந்தால் காணும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அதற்கும் ஒரு பதில் வேண்டும்.

படுவான்கரை ரீச்சர்:

தங்கச்சி, நான் படுவான்கரைப் பக்கம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். 1440ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் மகளுக்குப் பெருக்கத் தெரியும். எதைப் பெருக்குகிறோம் என்பதைத்தான் இன்னும் யாரும் காட்டவில்லை. அது மூடி, எண்ணி, கத்தரித்து, கையால் வரவேண்டிய அறிவு. வகுப்பில் 35 பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்யக் கஷ்டமான வேலையை நீங்கள் இரண்டு பிள்ளைகளோடு விறாந்தையில் ஆறுதலாகச் செய்யலாம்.

கொஞ்ச நாளைக்குச் சூத்திரத்தை வாயில் எடுக்காதீர்கள். அடிமட்டமும் வேண்டாம். பாயிலேயே தொடங்குங்கள். அகலப் பாயை விரித்து, அதற்கு மேல் ஒடுங்கின பாயை ஒரு மூலை பொருந்த விரியுங்கள். மேல் பாய் ஒரு பக்கத்தால் நீட்டிக்கொண்டிருக்கும். கீழ்ப் பாய் மற்றப் பக்கத்தால் வெளியே தெரியும். “நீட்டுற துண்டை வெட்டி இந்தப் பக்கம் வைச்சா, தெரியிற இடம் மூடுமா?” என்று கேளுங்கள். பாயை வெட்ட முடியாதே. அதனால் பழைய பேப்பரில் இரண்டு சின்னப் பாய் வெட்டிக் கொடுங்கள். அவளே கத்தரித்து வைத்துப் பார்க்கட்டும். நீளம் கூடினது ஏன் இங்கே தோற்றது என்று அவள் வாயாலேயே வரும்.

வெட்டி இடம் மாற்றினாலும் மூடுகிற அளவு மாறாது என்பது நமக்குத் தெரிந்த விஷயம். சின்னப் பிள்ளைக்கு அது புதினம். சுவிற்சர்லாந்து உளவியலாளர் பியாஜே இதை அழகாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஒரே அளவான இரண்டு பச்சைத் தாள், இரண்டும் புல்வெளி. ஒவ்வொன்றிலும் ஒரு மாடு. இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் ஒரே அளவான வீடுகளை வைப்பார்கள். ஒன்றில் வீடுகளை ஒட்டி ஒட்டி அடுக்கி, மற்றதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. எந்த மாட்டுக்குத் தின்னப் புல் கூட என்று கேட்டால், சின்னப் பிள்ளைகள் அடுக்கி வைத்த பக்கத்தைத்தான் காட்டுவார்கள். உங்கள் மகனோடு இதைச் செய்து பாருங்கள். தீப்பெட்டிதான் வீடு. பிழையாகச் சொன்னால் திருத்த வேண்டாம். “அப்ப வீடெல்லாத்தையும் நகர்த்திப் பார்ப்பமா?” என்று மட்டும் கேளுங்கள். அவனை நிச்சயமாகச் சேருங்கள். மூடுவதும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் 5 வயதுக்குப் பொருத்தமான வேலை.

அடுத்தது மூடுகிற விளையாட்டு. ஒரு கொப்பி மட்டையை வைத்து, முதலில் சோடா மூடிகளால் மூடச் சொல்லுங்கள். எவ்வளவு நெருக்கினாலும் இடையில் மட்டை தெரியும். பிறகு தீப்பெட்டிகளால் மூடச் சொல்லுங்கள். இடைவெளியும் இல்லை, ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறவும் இல்லை. எது நல்லது என்று கேட்டால் மகனே சொல்லிவிடுவான். பரப்பளவை ஏன் சதுரத்தால் அளக்கிறோம் என்பதில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

மற்றப் பாதிக்கு ஒரு சின்னப் போட்டி வையுங்கள். ஒரே ஸ்டூலை மகள் தீப்பெட்டியால் மூடட்டும், மகன் சவர்க்காரப் பெட்டியால் மூடட்டும். ஒருவருக்கு எண்ணிக்கை கூட, மற்றவருக்குக் குறைவு. ஸ்டூல் ஒன்றுதானே, ஏன் இரண்டு விடை? பெட்டி பெரிதானால் எண்ணிக்கை குறையும் என்று அவர்களாகக் கண்டுபிடித்த பிறகு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு சதுரம் வைத்துக்கொள்வோம் என்று சொல்லி, 1 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரத்தை வெட்டிக் காட்டுங்கள். “சதுர சென்ரிமீற்றர்” என்று விடைக்குப் பின்னால் எழுதுகிறோமே, அந்தச் சாமான் இதுதான்.

இனி நான் சொல்லப்போகிறதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள், பெருக்கல் இங்கேதான் பிறக்கிறது. ஒரு செவ்வக மட்டையைக் கொடுத்து, அதை முழுக்க மூடக் காணாத அளவு தீப்பெட்டி கொடுங்கள். மேல் ஓரத்துக்கு ஒரு வரிசை, இடது ஓரத்துக்கு ஒரு நிரல், அவ்வளவுக்குத்தான் பெட்டி இருக்க வேண்டும். “முழுக்க மூட எத்தனை பெட்டி வேணும்?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சில பிள்ளைகள் ஓரத்தில் இருப்பதை மட்டும் எண்ணுவார்கள். சிலர் விரலால் காற்றில் பெட்டி வைத்து வைத்து எண்ணுவார்கள். ஒரு கட்டத்தில் “ஒரு வரிசையில 6, இப்படி 4 வரிசை” என்று வரும். வாய்பாடு தெரிந்த பிள்ளைக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. மூலையில் உள்ள பெட்டி வரிசைக்கும் சொந்தம் நிரலுக்கும் சொந்தம் என்பதில் தடுமாறினால், அந்தப் பெட்டியில் மட்டும் ஒரு சிவப்புத் தாள் ஒட்டிவிடுங்கள்.

இவ்வளவும் வந்த பிறகு ‘ட’ படத்துக்குத் திரும்பிப் போங்கள். சதுரக்கோட்டுக் கொப்பியில் அதே அளவில் வரைந்து, உள்ளே உள்ள சதுரங்களை எண்ணச் சொல்லுங்கள். 18 வரும். பிறகு, எண்ணாமல் கண்டுபிடிக்க வழி இருக்கா என்று கேளுங்கள். நிமிர்ந்த துண்டு 5 வரிசை, வரிசைக்கு 2. படுத்த துண்டில் மிச்சம் 2 வரிசை, வரிசைக்கு 4. 10உம் 8உம் 18. வேறு விதமாக, அடியில் 12, மேலே 6. இல்லாவிட்டால் முழுச் செவ்வகம் 30 என்று வைத்து, வெட்டிப்போன 12ஐக் கழிக்கலாம். மூன்று வழியிலும் 18 வருவதைப் பார்க்கிற பிள்ளை 1440 எழுதாது. எழுதினாலும் தானே அழித்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சுற்றளவு. பரப்பளவையும் சுற்றளவையும் பிள்ளைகள் மட்டுமில்லை, பெரிய வகுப்பு மாணவர்களும் மாற்றிப்போடுகிறார்கள். 24 சென்ரிமீற்றர் வருகிற மாதிரி ஒரு நூலை முடிச்சுப் போட்டு வளையமாக்குங்கள். சதுரக்கோட்டுத் தாளில் வைத்து விதம் விதமான செவ்வகம் செய்யட்டும். 11க்கு 1 என்றால் உள்ளே 11 சதுரம். 10க்கு 2 என்றால் 20. 9க்கு 3, 27. 8க்கு 4, 32. 7க்கு 5, 35. 6க்கு 6 வைத்தால் 36. நூல் மாறவில்லை, உள்ளே இருக்கிற இடம் மாறிக்கொண்டே போகிறது. மகள் இதைத் தானே ஒரு அட்டவணையாக எழுதட்டும். என் வகுப்பில் இந்த நூல் வேலைக்குப் பிள்ளைகள் சத்தம் போட்டதுபோல வேறு எதற்கும் போட்டதில்லை.

நேர்க்கோடு இல்லாத உருவங்களும் கொடுங்கள். பூவரசம் இலையையும் தம்பியின் உள்ளங்கையையும் சதுரக்கோட்டுத் தாளில் வைத்துச் சுற்றி வரையலாம். முழுச் சதுரம் எல்லாம் எண்ணு, பாதிக்கு மேல் உள்ளே வந்ததை ஒன்றாக எடு, பாதிக்குக் குறைந்ததை விடு. சரியான விடை என்று ஒன்று கிடைக்காது, கிட்டத்தட்டத்தான் கிடைக்கும். அதுவும் அளவீட்டில் படிக்க வேண்டிய ஒன்றுதான்.

சொந்தக்காரர்களுக்குப் பதில்: புலமைப்பரிசில் தாளில் பிள்ளையை மடக்குவது நேரான செவ்வகம் இல்லை, வெட்டி ஒட்டின உருவங்கள்தான். சூத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளை அங்கேதான் நிற்கும்.

செங்கலடி டைல்ஸ் பாஸ்:

ரீச்சர் சொன்னதெல்லாம் நல்ல விஷயம். நான் டைல்ஸ் பதிக்கிற ஆள். எங்கள் தொழிலே பரப்பளவுதான், அதனால் ஒன்று சொல்கிறேன் அக்கா.

இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் தெரியும்தானே. 12 அடிக்கு 10 அடி அறை என்றால் வேலை சுகம். ஒரு வரிசைக்கு 6, 5 வரிசை, 30 டைல்ஸ். வெட்டே இல்லை. ஆனால் வீட்டுக்காரர்கள் அறையை டைல்ஸ் பார்த்துக் கட்டுவதில்லை. 13 அடிக்கு 11 அடி அறை வந்தால் என்ன செய்வது? இதைப் பிள்ளையிடம் கொடுங்கள். சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒரு கட்டம் ஓரடி என்று வைத்து 13க்கு 11 கட்டம் பிடித்து வரையட்டும். வேறு தாளில் இரண்டுக்கு இரண்டு கட்டமாக டைல்ஸ் வெட்டிப் பதிக்கட்டும்.

முழு டைல்ஸ் 30 போகும். ஒரு ஓரத்தில் 6 அரை டைல்ஸ், மற்ற ஓரத்தில் 5 அரை டைல்ஸ், மூலையில் ஒரு கால் துண்டு. 11 அரைக்கும் 6 டைல்ஸ் வெட்டினால் ஒரு அரை மிஞ்சும். அந்த மிஞ்சினதிலேயே கால் துண்டு எடுக்கலாம். மொத்தம் 36. இனிப் பெருக்கிப் பாருங்கள். 13ஐ 11ஆல் பெருக்க 143 சதுர அடி. ஒரு டைல்ஸ் 4 சதுர அடி. வகுத்தால் 35¾. தாளில் வெட்டி ஒட்டினதும் பெருக்கி வகுத்ததும் ஒரே இடத்துக்கு வந்து சேரும். அரையும் காலும் அதோடு சேர்ந்து பழகிவிடும்.

உண்மை வேலையில் உடைவு, பிழைவெட்டு எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கூட எடுக்கத்தான் வேண்டும். அதையும் பிள்ளையிடம் சொல்லுங்கள். கணக்கு 36 என்று சொன்னால் கடையில் 36 மட்டும் வாங்கிக்கொண்டு வருகிற ஆள் நல்ல பாஸ் இல்லை.

விறாந்தையில் டைல்ஸ் இருந்தால் அதில் அலுமாரிக்குக் கீழே, கதிரைக்குக் கீழே எத்தனை டைல்ஸ் மறைந்திருக்கு என்று கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாததை வரிசையை வைத்துச் சொல்ல வேண்டும். என் மகன் அப்படித்தான் பழகினான், என்னோடு வேலைக்கு வந்து நிற்கும்போது.

மருதமுனை உம்மா:

எங்கள் ஊர் தறி ஊர். வாப்பா கைத்தறியில் இருந்தவர். பிள்ளைகளுக்கு வரிசையையும் நிரலையும் காட்ட நான் செய்த வேலை ஒன்று இருக்கிறது, கல்லடித் தங்கச்சிக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

காகிதத்தில் பாய் பின்னுவது. இரண்டு நிறத் தாள் எடுங்கள். இரண்டிலும் 2 சென்ரிமீற்றர் அகலத்துக்குக் கீற்று வெட்டுங்கள். ஒரு நிறத்தில் 8 கீற்று, அதைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி மேல் நுனியை மட்டும் ஒட்டிவிடுங்கள். அதுதான் பாவு. மற்ற நிறத்தில் 6 கீற்று, அது ஊடு. ஒன்றுக்கு மேல், ஒன்றுக்குக் கீழ் என்று மகள் கோர்த்துக்கொண்டு வரட்டும். நல்லா நெருக்கித் தள்ளச் சொல்லுங்கள். நெருக்காவிட்டால் ஓட்டை தெரியும், ரீச்சர் சொன்ன சோடா மூடி மாதிரியே ஆகிவிடும்.

பின்னி முடிய, கண்ணுக்கு முன்னால் சதுரம் சதுரமாகத் தெரியும். ஒரு ஊடு கீற்றுக்கு 8 சதுரம், 6 கீற்று. 48. பாயைத் திருப்பி வைத்தால் 6 சதுரமாக 8 வரிசை, அதுவும் 48. என் மகள் இதைப் பார்த்துத்தான் 6 எட்டும் 8 ஆறும் ஒன்றென்று நம்பினாள், அதுவரைக்கும் வாய்பாடு என்பதால் சொல்லிக்கொண்டிருந்தாள். நிறத்தைப் பிரித்து எண்ணினால் ஒவ்வொரு நிறமும் 24.

மூத்த பிள்ளைக்கு இன்னும் ஒரு படி போகலாம். ஒவ்வொரு சதுரமும் 2க்கு 2, அதாவது உள்ளே 4 சதுர சென்ரிமீற்றர். அப்போ முழுப் பாயும் 48 நான்கு, 192. இனி அடிமட்டத்தால் அளக்கட்டும்: 16க்கு 12. பெருக்கினாலும் 192. ஒவ்வொரு கீற்று ஏறும்போதும் பாய் ஒரு வரிசையால் வளர்வதைப் பிள்ளை தன் கையால் செய்கிறது. அச்சடித்த கட்டத்தை எண்ணுவதைவிட இது மனதில் நிற்கும். சின்னவருக்கு அகலமான கீற்று வெட்டிக் கொடுங்கள், கீற்றும் குறைவாக இருக்கட்டும்.

கல்லடி அம்மா:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பேப்பர்ப் பாயைக் கத்தரித்து வைத்த அன்றே மகள் மாறிவிட்டாள். “நீளம் கூடினா என்ன அம்மா, ஒடுங்கிப்போச்சே” என்றாள். மகன் சோடா மூடியைப் பார்த்துவிட்டு “இதுக்குள்ளால எறும்பு போகும்” என்றான், அதுவே எனக்குப் போதும். காகிதப் பாய் இப்போது சுவரில் தொங்குகிறது. ‘ட’ படத்துக்கு இரண்டு வழி அவளாகவே கண்டுபிடித்தாள், முழுச் செவ்வகத்தில் இருந்து கழிக்கிற வழியை மட்டும் நான் தொடக்கிக் கொடுத்தேன்.

இப்போது இரண்டு புதுக் கேள்வி வந்திருக்கிறது, இரண்டும் அவள் கேட்டது. எங்கள் வளவு 20 பேர்ச் என்று அம்மம்மா சொல்லிவிட்டார். “ஒரு பேர்ச் எவ்வளவு பெரிசு, எனக்குக் காட்டுங்க” என்று நிற்கிறாள். நான் எதைக் காட்டுவது? மற்றது, 100 சென்ரிமீற்றர் ஒரு மீற்றர் என்பதால் 100 சதுர சென்ரிமீற்றர் ஒரு சதுர மீற்றர் என்று அடித்துச் சொல்கிறாள். இல்லை என்று வாயால் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

தம்பிலுவில் அப்பப்பா:

மகள், பேர்ச்சுக் கேள்விக்கு நான் சொல்கிறேன். நான் வயல் செய்கிற ஆள், காணி அளக்கிறதைக் கிட்ட நின்று பார்த்தவன்.

ஒரு பேர்ச் என்பது பக்கம் 16½ அடியுள்ள ஒரு சதுரம். சதுர அடியில் 272¼. கல்லடியில் இருக்கிறீர்கள், கடற்கரை பக்கத்தில். 16½ அடிக்கு ஒரு கயிறு வெட்டிக்கொண்டு போய் மணலில் நான்கு பக்கமும் கோடு இழுங்கள். மூலை நேராக வருதா என்று பார்க்கக் குறுக்கே இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள், இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். பிள்ளை அதற்குள் நின்று, படுத்து, ஓடிப் பார்க்கட்டும். பிறகு உங்கள் வளவைச் சொல்லுங்கள். 66 அடிக்கு 82½ அடி உள்ள வளவு என்றால் அந்தச் சதுரம் ஒரு வரிசைக்கு 5, நான்கு வரிசை, சரியாக 20. உங்கள் வளவு வேறு வடிவமாக இருக்கும். அடியில் அளந்து பெருக்கி 272¼ஆல் வகுத்தால் காணி உறுதிப் பத்திரத்தில் உள்ள எண்ணுக்குக் கிட்ட வருகுதா என்று பார்க்கலாம்.

அதே சதுரம் 40 சேர்ந்தால் ஒரு றூட். 4 றூட் ஒரு ஏக்கர், அதாவது 160 பேர்ச். காணி அளக்கிற சங்கிலி 66 அடி, அதில் சரியாக 4 பேர்ச் பக்கம் அடங்கும். ஒரு சங்கிலி அகலம், 10 சங்கிலி நீளம் என்றால் ஒரு ஏக்கர். ஒரு வரிசைக்கு 4, 40 வரிசை. பேத்தி தாளில் கீறிப் பார்க்கட்டும்.

ரீச்சரின் நூல் விஷயத்தை வாசித்தபோது எனக்கு எங்கள் வயல் வட்டைதான் ஞாபகம் வந்தது. அந்த ஒரு சங்கிலிக்கு 10 சங்கிலி ஏக்கரை எடுத்தால் சுற்றி வரம்பு 1452 அடி. அதே ஏக்கர் சதுரமாக இருந்தால் பக்கம் 208¾ அடி அளவில் வரும், சுற்றி வரம்பு 835 அடி. விதைநெல் இரண்டுக்கும் ஒன்றுதான். பசளையும் ஒன்றுதான். ஆனால் பெரும்போகத்துக்கு வரம்பு வெட்டிப் பூசுகிறபோது நீட்டுத் துண்டுக்குக் கூலி எவ்வளவு கூட என்று வயல்காரனைக் கேளுங்கள். விதை பரப்பளவுக்கு, வரம்பு சுற்றளவுக்கு. என் பேரப் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் இரண்டையும் மாற்றிப்போட்டதில்லை. மாரியில் இந்தப் பக்கம் வந்தால் கூட்டிக்கொண்டு போய் வரம்பில் நடத்திக் காட்டுங்கள்.

படுவான்கரை ரீச்சர்:

அப்பப்பா, விதையும் வரம்பும் என்று சொன்னீர்களே, அதை நான் வகுப்பில் சொல்லியிருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும்.

தங்கச்சி, சதுர மீற்றர் கேள்விக்கு வாயால் மறுப்புச் சொல்லத் தேவையே இல்லை. ஒரு சதுர மீற்றரைச் செய்துவிடுங்கள். பழைய பேப்பர்களை ஒட்டி 1 மீற்றர் பக்கமுள்ள சதுரமாக வெட்டலாம். இல்லாவிட்டால் ஏ4 தாள் 16 ஒட்டுங்கள். நான்குக்கு நான்காக ஒட்டினால் சதுரமாக வராது, 84 சென்ரிமீற்றருக்கு 119 அளவில் ஒரு செவ்வகமாக வரும். ஆனால் அதன் பரப்பளவு ஒரு சதுர மீற்றர்தான், அந்தத் தாள்களின் அளவையே அப்படி வைத்திருக்கிறார்கள். இரண்டையும் செய்து பக்கத்தில் பக்கத்தில் விரித்தால், ஒரு சதுர மீற்றர் என்றால் சதுரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதும் தெரியும். மகள் நம்பமாட்டாள். நீட்டிக்கொண்டிருக்கிறதைக் கத்தரித்து வைத்துப் பார்க்கட்டும், அந்த வேலை அவளுக்கு இப்போது பழக்கம்தானே.

பிறகு 10 சென்ரிமீற்றர் பக்கமுள்ள ஒரு மட்டை வெட்டிக் கொடுங்கள். அதற்குள் 10 வரிசை, வரிசைக்கு 10, அதுதான் அவள் சொல்கிற 100 சதுர சென்ரிமீற்றர். அதைக் கொண்டுபோய் பெரிய பேப்பர்ச் சதுரத்தின் ஒரு மூலையில் வைக்கச் சொல்லுங்கள். அது எவ்வளவு சின்ன மூலை என்று பார்த்ததுமே முகம் மாறும். அந்த மட்டை ஒரு வரிசைக்கு 10 போகும், 10 வரிசை போகும். 100 மட்டை, ஒவ்வொன்றிலும் 100. 10,000 என்று அவளே சொல்லட்டும்.

செய்த சதுர மீற்றரைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் வையுங்கள், எறிய வேண்டாம். கடற்கரையில் பேர்ச் கீறப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். 16½ அடி 5 மீற்றரைவிட 3 சென்ரிமீற்றர் அளவில்தான் கூட. ஒரு பேர்ச்சுக்குள் அந்தப் பேப்பர் 5 வரிசையில் 5 போகும், 25 தரம் விரித்து விரித்து எடுக்க வேண்டும். காற்றுக்குப் பறக்கும், நான்கு மூலைக்கும் ஈர மணல் அள்ளி வையுங்கள். அந்த வேலையை மகனிடம் கொடுக்கலாம்.